எட்டடி வேலை மேசை: கார் போர்ச்சுப் பட்டறைக்கு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் பட்டறை என்றால் பெரும்பாலும் கார் போர்ச்சுதான். காலையில் கார் வெளியே போனால் இடம் கிடைக்கும், மாலையில் கார் திரும்பினால் போய்விடும். கதவு செப்பனிடுவது, புல்வெட்டும் மெஷினைப் பிரிப்பது, மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கழற்றி வைப்பது, வீட்டில் துணி விரித்து வெட்டுவது, தைப்பூசத்துக்கு முன் ஈப்போ கல்லுமலைக் கோவிலுக்குக் கொண்டுபோகும் காவடியைக் கட்டுவது எல்லாம் அந்த ஓர் இடத்தில்தான் நடக்க வேண்டும்.

நான் இதுவரை மூன்று மேசைகள் செய்திருக்கிறேன். முதல் மேசையை நாலடி அகலத்தில் சுவரோடு ஒட்டிப் போட்டேன். பின்பாதிக்குக் கை எட்டவில்லை. ஆறே மாதத்தில் அங்கே பெயிண்ட் டின்கள் குடியேறிவிட்டன. இரண்டாவதை ஈர மரத்தில் கட்டினேன். மூன்று மாதத்தில் சட்டங்கள் முறுக்கிக்கொண்டு ஒரு கால் தரையைத் தொடாமல் நின்றது. மூன்றாவது மேசை இன்றும் உழைக்கிறது. கீழே எழுதியிருப்பது அதைப் பற்றி.

இழுப்பறை, விளக்கு, கருவி மாட்டும் பலகை எல்லாவற்றையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். எடையையும் மட்டத்தையும் பிறகு சேர்க்க முடியாது. இழைப்புளி தள்ளும்போது மேசை நகர்ந்தால் உங்கள் பலத்தில் பாதி தரைக்குப் போய்விடும். மேல்தளம் வளைந்திருந்தால் அதன் மேல் நீங்கள் ஒட்டும் ஒவ்வொரு சட்டமும் அதே வளைவோடுதான் காயும். ஆகவே காசையும் நேரத்தையும் முதலில் இந்த இரண்டுக்கும் கொடுங்கள்.

ஒரு மேசையா, இரண்டா?

பென்சிலை எடுக்குமுன் கடந்த ஓராண்டில் போர்ச்சில் நீங்கள் செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். செய்ய ஆசைப்படுகிற வேலைகள் வேண்டாம், செய்தவை மட்டும் போதும். என் தாளில் பெரிய பலகை வெட்டும் வேலை ஆண்டுக்கு ஏழெட்டு முறைதான் வந்தது. இரண்டடி அகலத்தில் முடிகிற சின்ன வேலைகளே மிச்சமெல்லாம்.

நின்ற இடத்தில் இருந்து சிரமமின்றி எட்டிப் பிடிக்கக்கூடியது இரண்டரை அடி. அதற்கு மேல் அகலம் வேண்டுமென்றால் மேசையைச் சுற்றி வர வழி வேண்டும். எட்டுக்கு நான்கு மேசையை நடுவில் போட்டு நாலு பக்கமும் மூன்றடி விட்டால் பதினான்குக்குப் பத்து அடி போய்விடும். நம் போர்ச்சில் அத்தனை இடம் எப்போதும் கிடைக்காது.

ஆகவே என் முடிவு, எட்டடி நீளம் இரண்டடி அகலத்தில் ஒரே மாதிரி இரண்டு மேசைகள். தனித்தனியே போட்டால் ஒன்று சுவரோரம் கருவிகளுக்கு, மற்றது நடுவில் வேலைக்கு. இரண்டையும் முதுகோடு முதுகாகச் சேர்த்துப் போல்ட் போட்டு இறுக்கினால் ஒரு முழுப் பிளைவுட் தாள் விரிக்கும் நாலடி மேசை கிடைக்கும். மாலையில் கார் வரும்போது இரண்டையும் சுவரோரம் தள்ளினால் நாலடியோடு முடிந்தது. வீடு மாறினாலும் மூன்றடிக் கதவு வழியே வெளியே எடுத்துவிடலாம்.

பிளைவுட் தாள் 1220க்கு 2440 மி.மீ. அதை நீளவாட்டில் இரண்டாக அறுக்கும்போது ரம்பம் மூன்று மி.மீ. தின்னும். அதனால் ஒவ்வொரு பாதியும் 608 மி.மீ. என்றே கணக்கு வையுங்கள்.

உயரத்துக்குப் புத்தக அளவு வேண்டாம். வேலைக்குப் போடும் செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பில் இருந்து தரை வரை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். அதுதான் எல்லா வேலைக்கும் பொதுவான உயரம். எனக்கு 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. இழைப்புளி வேலையே அதிகம் என்றால் ஓரிரு அங்குலம் குறைக்கலாம். நுணுக்க வேலைதான் அதிகம் என்றால் கூட்டலாம். 864இல் 18 மி.மீ. தாள் இரண்டு சேர்ந்த மேல்தளம் 36, காலுக்கு அடியில் திருகும் பாதப் போல்ட் 25, இரண்டையும் கழித்தால் கால் 803 மி.மீ. உங்கள் உயரம் வேறாக இருந்தால் இந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

மரம் வாங்குவது

இதில் அவசரப்படாதீர்கள், இரண்டாவது மேசை கெட்டது இங்கேதான். பலகைக் கடையில் ‘காய்ந்த மரம்’ என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி மறுநாளே அறுத்தேன்.

சட்டத்துக்கு இரண்டுக்கு நான்கு அங்குலக் கலப்பு மரம் போதும். மெராந்தி இலேசானது, அறுக்க எளிது, ஆனால் மேசைக்கு எடை தராது. கெம்பாஸ் கனமும் உறுதியும் உள்ளது. துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். கெரூயிங்கில் பிசின் கசிந்து ரம்பத்தில் ஒட்டும், பசையும் சரியாகப் பிடிக்காது. செங்கால் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் அந்த விலைக்கு வாசற்கதவே செய்யலாம். என் மேசையின் கால்களுக்குக் கெம்பாஸ், மற்றதற்குக் கலப்பு மரம்.

அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. அதனால் மேசை முழுவதையும் பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், செய்ய எனக்கு ஆசை இருந்தது. பக்கத்துக் கோலகங்சாரில்தான் 1877இல் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. இந்த நாட்டில் பால்மரத்தின் கதை அங்கிருந்துதான் வளர்ந்தது. இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் கொடுத்த பிறகு வெட்டுகிற அந்த மரம் வெளிர் நிறத்தில் அழகாக இழைபடும். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளுக்குள் அறுத்துப் போரான் மருந்து ஏற்றாவிட்டால் நீலப் பூஞ்சை பிடிக்கும், பிறகு பூபுக் வண்டு துளைத்து மாவாக்கும். ஏற்றிய மருந்தும் தண்ணீரில் நனைந்தால் கரைந்து வெளியேறும். சாரல் அடிக்கும் போர்ச்சுக்குப் பால்மரச் சட்டம் வேண்டாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, பலகையைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் தாடைக்கு மட்டும் அதை வைத்தேன். கை அதிகம் படுகிற இடம் அதுதான்.

பச்சை நிறம் ஏறிய மருந்து மரம் தந்தால் என்ன மருந்து என்று கேட்டு வாங்குங்கள். சில மருந்துகளில் ஆர்செனிக் உண்டு. அதை அறுக்கும்போது முகமூடி கட்டாயம். துண்டுகளை அடுப்பிலோ குப்பையிலோ எரிக்கவே கூடாது.

எவ்வளவு வாங்க வேண்டும்? இரண்டு மேசைக்கும் 16 அடி நீளத்தில் எட்டுக் கட்டைகள், மொத்தம் 128 அடி. பலகை ஆலையில் மரத்தை டன் கணக்கில் சொல்வார்கள். ஒரு டன் என்றால் 50 கன அடி, இரண்டுக்கு நான்கில் 900 அடி வரும். நமக்கு வேண்டியது ஏழில் ஒரு பங்குதான். விலை பேசும்போது இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும். 14 அடிக் கட்டை மலிவாக இருக்கிறதே என்று வாங்காதீர்கள். நீளச் சட்டம் ஒன்று 2140 மி.மீ., இரண்டு சேர்ந்தால் 4280. பதினான்கு அடி என்பது 4267 தான். பதின்மூன்று மி.மீ. குறைவால் ஒவ்வொரு கட்டையிலும் பாதி வீணாகும்.

கட்டையைக் கண்ணருகே பிடித்து நுனி வரை ஓட்டிப் பாருங்கள். வில் போல் வளைந்ததைக்கூடச் சிறு துண்டுகளாக்கிப் பயன்படுத்தலாம். முறுக்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நிழலில், தரையில் படாமல், இரண்டடிக்கு ஒரு குச்சி வைத்து அடுக்குங்கள். நம் ஊர்க் காற்றில் மரம் ஏறக்குறைய 14 முதல் 17 விழுக்காடு ஈரத்தில்தான் நிலைக்கும். ஈரமானி இல்லாவிட்டால் ஒரு துண்டை வெட்டி, சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவையுங்கள். எடை குறைவது நின்ற வாரம்தான் மரம் தயாரான வாரம். எனக்கு ஒன்பது வாரம் ஆனது.

பிளைவுட்டில் 18 மி.மீ. தாள் இரண்டு, 12 மி.மீ. தாள் இரண்டு. கொதிநீர் தாங்கும் பசை போட்ட டபிள்யூ.பி.பி. வகையைக் கேளுங்கள். எம்.டி.எஃப். பலகை பார்வைக்கு மட்டமாக இருக்கும், ஒரு சாரல் பட்டால் ஓரம் உப்பிவிடும்.

வெட்டுவது

மரத்தின் உண்மையான அகலத்தை முதலில் அளங்கள். நான்கு அங்குலம் என்று விற்றாலும் இழைத்த பிறகு என் மரம் 45க்கு 95 மி.மீ. தான் இருந்தது. கீழே வரும் கணக்கு அந்த அளவுக்கு உரியது.

உளி போட்டுத் துளை வெட்டாமலே நல்ல பிணைப்புக் கிடைக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு காலையும் இரண்டு அடுக்காகச் செய்யுங்கள். வெளியடுக்கு முழு 803. உள்ளடுக்கில் கீழே 150 துண்டு, அதன் மேல் கீழ்ச்சட்டம் உட்கார 95 இடைவெளி, பிறகு 463 துண்டு, உச்சியில் மேற்சட்டத்துக்கு மீண்டும் 95. கூட்டிப் பாருங்கள், 803 வரும். சட்டம் திருகாணியில் தொங்காமல் மரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். மேல் ஏறி நின்றாலும் பாரம் நேரே தரைக்கு இறங்கும்.

எட்டுக் கட்டைகளை இப்படிப் பங்கிடுங்கள்:

- நான்கு கட்டைகளில் தலா: 2140 இரண்டு, 428 ஒன்று, 150 ஒன்று.
- மற்ற நான்கில் தலா: 803 இரண்டு, 463 இரண்டு, 428 மூன்று, 150 ஒன்று.

இரண்டாவது வகையில் ஒவ்வொரு கட்டையிலும் ஏறத்தாழ 880 மி.மீ. மிஞ்சும். கணுவும் வெடிப்பும் உள்ள பகுதியை அங்கே தள்ளிவிடலாம். ஒரே அளவுத் துண்டுகளை ஒவ்வொன்றாக அளக்காதீர்கள். ரம்பத்தருகே ஒரு தடுப்புக் கட்டையை இறுக்கி, எல்லாவற்றையும் அதில் முட்டவைத்து அறுங்கள். அளவில் அரை மி.மீ. பிழை இருந்தாலும் எல்லாத் துண்டிலும் ஒரே பிழையாக இருந்தால் மேசை ஆடாது.

பிளைவுட்டை அறுக்கத் தரையில் நான்கு சட்டங்களைப் போட்டு, தாளின் நல்ல முகத்தைக் கீழே வைத்துக் கிடத்துங்கள். கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பத்தின் பல் கீழிருந்து மேலே வெட்டுவதால் மேல்முகம்தான் சிதறும். நேரான அலுமினியச் சட்டம் ஒன்றைக் கிளாம்பு போட்டு அதன் ஓரமாக ஓட்டுங்கள். 18 மி.மீ. தாள்கள் இரண்டையும் நீளவாட்டில் பிளந்தால் நான்கு மேல்தளத் துண்டுகள். 12 மி.மீ. தாள் ஒன்றில் இரண்டு அடித்தட்டுகள், மற்றொன்றில் 608க்கு 653 அளவில் நான்கு பக்கத் தகடுகள்.

கூட்டுவது

கால்களை முதலில் ஒட்டுங்கள். தண்ணீர் தாங்கும் டி3 வகை வெள்ளைப் பசையை இரு முகத்திலும் தடவி, சட்டத்தின் சிறு துண்டுகளை அந்த 95 மி.மீ. இடைவெளிகளில் வைத்து அளவு பிடித்துக்கொண்டே இறுக்குங்கள். பசை காயுமுன் அந்தத் துண்டுகளை எடுத்துவிடுங்கள். மழை நாளில் பசை மெதுவாகத்தான் காயும். டப்பாவில் அரை மணி என்று எழுதியிருந்தாலும் இரவு முழுக்க கிளாம்பை எடுக்காதீர்கள்.

மறுநாள் இரண்டு கால்களைத் தரையில் கிடத்தி நீளச் சட்டங்கள் இரண்டையும் பள்ளத்தில் பொருத்துங்கள். பசையோடு ஒவ்வொரு பிணைப்பிலும் 10 மி.மீ. போல்ட் இரண்டை மூலைவாட்டில் போட்டு, நடுவை வெற்றாக விடுங்கள். பிற்பாடு இரண்டு மேசையையும் சேர்க்கும் போல்ட் அந்த நடுவில்தான் போகும். உருண்டைத் தலை போல்ட் வாங்கி, 28 மி.மீ. துளைக்கத்தியால் ஏழெட்டு மி.மீ. ஆழம் குடைந்து தலையை உள்ளே இறக்கிவிடுங்கள். தலை வெளியே துருத்தினால் மேசைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. முன்முகத்தில் பலகையைச் செங்குத்தாகப் பிடிக்கவும் முடியாது.

இப்படி இரண்டு ஏணிச் சட்டங்கள் தயாரானதும் 428 துண்டுகளை இடையில் கொடுத்து நிறுத்துங்கள். மேலே ஐந்து, கீழே மூன்று. இப்போது இரண்டு முனையிலும் 12 மி.மீ. பக்கத் தகட்டைப் பசையும் திருகாணியும் போட்டு அடைக்க வேண்டும். அதற்கு முன் மூலைக்கு மூலை அளங்கள். 2140க்கு 608 சட்டத்தில் மூலைவிட்டம் 2225 மி.மீ. அந்த எண் வருகிறதா என்பதைவிட இரண்டு மூலைவிட்டமும் சமமா என்பதுதான் முக்கியம். தகடு ஏறிவிட்டால் பிறகு அந்தச் சட்டம் எதற்கும் வளைந்து கொடுக்காது. குறுக்கே ஆடும் ஆட்டத்தை நிறுத்துவது இந்தத் தகடுதான். இதை மிச்சம் பிடிக்காதீர்கள்.

அடுத்தது பாதம். போர்ச்சுத் தரை மழைத்தண்ணீர் ஓடச் சாய்வாகவே போடப்படும். அதனால் ஒவ்வொரு காலின் வெளியடுக்கு நடுவில் கீழிருந்து துளையிட்டு, மரத்தில் பதியும் டீ நட்டு அடித்து, 12 மி.மீ. போல்ட்டைத் தலை கீழாகத் திருகுங்கள். 25 மி.மீ. வெளியே நிற்கட்டும். அந்த இடைவெளியால் இன்னொரு நன்மையும் உண்டு. அடைமழையில் தரையில் நிற்கும் தண்ணீர் காலை நனைக்காது. கரையான் ஏற வேண்டுமானால் இரும்பைச் சுற்றி மண்குழாய் கட்டித்தான் ஏற வேண்டும், அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். போல்ட் தலைக்கு அடியில் பழைய டயர் துண்டு ஒன்றை வைத்தால் மேசை வழுக்காது.

சக்கரம் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். பூட்டும் சக்கரமும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஒரு மேசை நூறு கிலோவைத் தொடும், ஆளுக்கு ஒரு முனையாக இருவர் தூக்கி நகர்த்தலாம்.

மேல்தளம்

பிளைவுட்டை வைக்குமுன் சட்டத்தின் மட்டத்தைப் பாருங்கள். ரசமட்டம் நீளத்துக்கும் அகலத்துக்கும் சரி என்று காட்டினாலும் முறுக்கு தெரியாமல் போகும். அதற்கு நூல் வைத்தியம். எதிரெதிர் மூலைகளில் இரண்டு நூல்களைக் குறுக்காக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் தொட்டும் தொடாமலும் சந்திக்க வேண்டும். ஒன்று மற்றதை அழுத்தினாலோ இடைவெளி விட்டாலோ ஒரு மூலை தாழ்ந்திருக்கிறது. பாதப் போல்ட்டைத் திருகிச் சரிசெய்துவிட்டு, நூல்களை மேல்கீழ் மாற்றி மறுபடி பாருங்கள். இந்த ஒரு வேலைக்கு நான் அரை நாள் எடுத்துக்கொண்டேன்.

கீழ்த்தாளைப் பசையோடு சட்டத்தில் திருகாணி போட்டு இறுக்குங்கள். இரு முனையிலும் 150 மி.மீ. வெளியே நீட்டி நிற்க வேண்டும், அங்கேதான் கிளாம்பு பிடிக்கும். நீளப் பக்கங்களில் கால் முகத்தோடு சமமாக இருக்கட்டும். மேல்தாளுக்குப் பசை வேண்டாம். கீழிருந்து 30 மி.மீ. திருகாணியால், ஓரடிக்கு ஒன்றாக, பிடித்துவிடுங்கள். நாலைந்து ஆண்டில் ரம்பமும் எஞ்சின் எண்ணெயும் அதைத் தின்ற பிறகு கழற்றிப் புரட்டிப் போடலாம், அல்லது மாற்றலாம்.

முன்விளிம்பில் இருந்து நான்கு அங்குலம் உள்ளே 20 மி.மீ. துளைகளை 96 மி.மீ. இடைவெளியில் ஒரே வரிசையாகப் போடுங்கள். கிளாம்பும் முட்டுக்கட்டையும் அதில் இறங்கும். தளம் முழுக்கத் துளை போட்டால் சின்னத் திருகாணியெல்லாம் கீழே விழுந்து ஒளிந்துகொள்ளும். துணி வெட்டும் நாளில் மூன்று மி.மீ. ஹார்ட்போர்டை மேலே விரித்தால் எண்ணெய்க் கறையும் துளையும் மறைந்துவிடும்.

வலக்கைக்காரர்கள் மரவேலை வைஸை முன்பக்கம் இடமுனையில், காலுக்கு அருகில் பொருத்துங்கள். தாடையின் மேல்விளிம்பு தளத்துக்குச் சமமாக வர வேண்டும். இரும்பு வேலைக்கு உள்ள வைஸை நேரே மேசையில் பதிக்காதீர்கள், பெரிய பலகை விரிக்கும்போது எப்போதும் குறுக்கே நிற்கும். ஒரு தடித்த பலகையில் அதைப் போல்ட் போட்டு, பலகையின் அடியில் ஒரு கட்டையைப் பதித்துவிடுங்கள். தேவைப்படும்போது அந்தக் கட்டையை மரவைஸில் கவ்வவைத்தால் போதும். வெல்டிங்கை இந்த மேசையில் செய்யவே வேண்டாம். மரத்தூளில் விழுந்த பொறி நீங்கள் உள்ளே சாப்பிடும்போதுதான் புகையும்.

மின்சாரம்

நீட்டுக்கம்பியில் இன்னொரு நீட்டுக்கம்பியைச் சொருகி வேலை செய்கிற பழக்கம் நம்மிடம் அதிகம். 13 ஆம்பியர் பிளக் ஒன்று 230 வோல்ட்டில் தாங்குவது ஏறத்தாழ 3000 வாட். வட்ட ரம்பம் 1300, தூசி உறிஞ்சி 1200, இரண்டும் சேர்ந்து ஓடலாம். அதே கம்பியில் காற்று கம்பிரசரையும் போட்டால் முதலில் சூடாவது பிளக். பட்டறைக்கென்று ஒரு தனி இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யோடு, பதிவு பெற்ற வயர்மேனை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஈரத் தரையில் நின்று வேலை செய்கிற ஊரில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். சொருகுதுளையைச் சுவரில், மேசை மட்டத்துக்கு ஓரடி மேலே வையுங்கள்.

சேர்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

இரண்டு மேசையையும் முதுகோடு முதுகாக நிறுத்தி, பாதப் போல்ட்டால் தளங்களைச் சமமாக்கி, கிளாம்பு போட்டு இறுக்கிய பிறகு, மேற்சட்டத்தில் விட்டுவைத்த நடுவில் இரண்டையும் ஒரே நேரத்தில் 13 மி.மீ. துளையிடுங்கள். தனித்தனியாகத் துளையிட்டால் நேர்கோட்டில் வராது. காலும் சட்டமுமாக ஒரு பக்கம் 90, இரு பக்கமும் 180 மி.மீ. அதற்கு 12 மி.மீ. கனமுள்ள 200 மி.மீ. போல்ட் இரண்டும் கையால் திருகும் இறக்கை நட்டுகளும் போதும். காவடி வளைவு கட்டும் வாரத்தில் மட்டும் நாங்கள் இப்படிச் சேர்ப்போம். நாலு பக்கமும் ஆள் நின்று ஒரே நேரத்தில் கட்டலாம்.

தளத்துக்கு வார்னிஷ் வேண்டாம், வழவழப்பாகிப் பலகை நழுவும். லின்சீட் எண்ணெய் இரண்டு பூச்சு, அது காய்ந்த பிறகு மெழுகு. மெழுகு இருந்தால் சிந்திய பசை உளியால் தட்டினாலே உதிரும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். சுருண்ட துணி உள்ளேயே சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். வேலியில் விரித்து, விறைப்பாகக் காய்ந்த பிறகுதான் எறிய வேண்டும்.

முதல் மூன்று மாதம் கழித்து எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள், மரம் நம் காற்றுக்குப் பழகும்போது கொஞ்சம் சுருங்கியிருக்கும். அன்றே நூலையும் குறுக்காகக் கட்டிப் பார்த்துவிடுங்கள். அதன்பிறகு ஆண்டுக்கு ஒருமுறை போதும். நான் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் செய்கிறேன், எப்படியும் அன்று போல்ட்டுகளைத் தொடத்தானே வேண்டும்.